வீட்டுப் பிரதான கழிவுநீர்க் குழாய்: பழுதை அறிதலும் சீர்செய்தலும்

வீட்டின் கழிவறை, குளியலறை, சமையலறை ஆகியவற்றிலிருந்து வரும் கழிவுநீர் முழுவதையும் ஒன்றாகச் சேர்த்துத் தெருவிலுள்ள பாதாளச் சாக்கடைக்கோ, வீட்டு வளாகத்திலுள்ள செப்டிக் டேங்குக்கோ கொண்டு செல்லும் குழாய் பிரதான கழிவுநீர்க் குழாய் எனப்படும். மண்ணுக்குள் புதைந்திருப்பதால் இது கண்ணில் படுவதில்லை. பெரும்பாலான வீடுகளில் இது எங்கே செல்கிறது என்பதுகூட வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியாது. கட்டிய மேஸ்திரிக்குத் தெரிந்திருக்கும், அவரை இப்போது தேடிப் பிடிக்க முடியாது.

இக்குழாயில் ஏற்படும் அடைப்பும் உடைப்பும் துர்நாற்றத்தோடு முடிந்துவிடுவதில்லை. கசியும் கழிவுநீர் பக்கத்திலுள்ள கிணற்றிலோ குடிநீர்ச் சம்பிலோ கலந்தால் வயிற்றுப்போக்கு, டைஃபாய்டு, மஞ்சள் காமாலை, காலரா போன்ற நோய்கள் வரும். அடைப்பை நீக்க ஒருவரைக் குழிக்குள் இறக்கினால் அவர் உயிரோடு திரும்பாமல் போகலாம். எனவே இதைப் பற்றிய அடிப்படை அறிவு வீட்டுக்காரர், வாடகைக்குக் குடியிருப்பவர் ஆகிய இருவருக்கும் வேண்டும். இக்கட்டுரை சென்னையிலும் தமிழ்நாட்டின் பிற நகரங்களிலும் பொதுவாகக் காணப்படும் அமைப்பை வைத்து விளக்குகிறது.

கழிவுநீர் செல்லும் வழி

குளியலறைத் தரையில் சல்லடை மூடி போட்ட ஒரு வாய் இருக்கும். அதன் அடியில் இருப்பதைப் பிளம்பர்கள் நானி டிராப் என்பார்கள். அதில் சுமார் 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு எப்போதும் தண்ணீர் தேங்கி நிற்கும். குழாயிலுள்ள வாயுவும் கரப்பான்பூச்சியும் வீட்டுக்குள் ஏறாமல் தடுப்பது இந்தத் தண்ணீர்தான். கழிவறைக் கோப்பையின் வளைவில் நிற்கும் தண்ணீருக்கும் அதே வேலை. பல நாள் பயன்படுத்தாத குளியலறையில், முக்கியமாகக் கோடையில், இந்தத் தண்ணீர் ஆவியாகிவிடும். ஊருக்குப் போய்த் திரும்பியவர்கள் கதவைத் திறந்ததும் சாக்கடை நாற்றம் அடிக்கிறதென்று பதறுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே. ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினால் சரியாகிவிடும். பிளம்பரை அழைக்கும் முன் இதைச் செய்து பார்க்கலாம்.

பழைய வீடுகளில் கழிவறைக் குழாய் ஒன்றாகவும், குளியலறை, சமையலறைக் குழாய் வேறாகவும் சுவரோரம் இறங்கும். கழிவறைக் குழாய் நேராக ஆய்வுத் தொட்டிக்குச் செல்லும். பேச்சுவழக்கில் இதைச் சேம்பர் என்பார்கள். மற்றது தரை மட்டத்திலுள்ள கல்லி டிராப் என்ற சிறு தொட்டி வழியாக அதே சேம்பரில் சேரும். புதிய அடுக்குமாடிகளில் எல்லாம் ஒரே குழாயில் சேர்வதும் உண்டு. சேம்பர்கள் வீட்டைச் சுற்றிச் சில மீட்டர் இடைவெளியிலும், குழாய் திரும்பும் ஒவ்வொரு மூலையிலும் இருக்க வேண்டும். கடைசிச் சேம்பர் மதில் சுவரை ஒட்டி இருக்கும். அங்கிருந்து தெருக் குழாய்க்கு இணைப்பு செல்லும்.

மாடிக்கு மேல் திறந்த வாயோடு நிற்கும் குழாயைப் பலர் வேண்டாத பொருளாக நினைக்கிறார்கள். அது காற்றுப் போக்கி. குழாயில் தண்ணீர் வேகமாக இறங்கும்போது பின்னால் காற்று வர வேண்டும். வராவிட்டால் அது டிராப்பிலுள்ள தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு போய்விடும். நாற்றம் வருகிறதென்று இதன் வாயைச் சிமென்ட் பூசி அடைத்த வீடுகள் உண்டு. மொட்டை மாடி நாற்றம் அத்தோடு குளியலறைக்குள் குடி வந்துவிடும். கொசுவுக்காக வலை கட்டினால் போதும், அந்த வலையை அவ்வப்போது தட்டிச் சுத்தம் செய்ய வேண்டும்.

கிளைக் குழாயா, பிரதான குழாயா

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அடைப்பு எங்கே என்பதே. சமையலறைத் தொட்டியில் மட்டும் தண்ணீர் தேங்கி, மற்ற இடங்களில் ஒழுங்காகப் போனால் அது அந்தக் கிளைக் குழாயின் அடைப்பு. ரப்பர் பம்பு வைத்து அழுத்தினாலோ, தொட்டியின் கீழுள்ள பாட்டில் டிராப்பைக் கழற்றிக் கழுவினாலோ போதும். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று இடங்களில் தண்ணீர் மெதுவாக இறங்கினால் பிரதான குழாயைச் சந்தேகிக்க வேண்டும்.

இன்னும் தெளிவான அறிகுறி ஒன்று உண்டு. ஓரிடத்தில் ஊற்றிய தண்ணீர் வேறோரிடத்தில் எழும். துணி துவைக்கும் இயந்திரம் தண்ணீரை வெளியேற்றும்போது குளியலறைத் தரையில் நுரை பொங்குதல், கழிவறையில் தண்ணீர் ஊற்றியதும் பக்கத்து நானி டிராப்பில் குபுகுபு என்ற ஒலி கேட்டல், கோப்பையில் நீர்மட்டம் தானாக ஏறி இறங்குதல் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. குபுகுபு ஒலி என்பது முன்னே செல்ல வழியில்லாத தண்ணீர், குழாயிலுள்ள காற்றைப் பின்னோக்கித் தள்ளும் ஒலியாகும். முழு அடைப்பு ஏற்படுவதற்குச் சில நாள், சில வாரம் முன்பே இது கேட்கத் தொடங்குவதுண்டு. அப்போதே கவனித்தால் வேலை எளிது.

குழாய் அடைத்துக்கொண்டால் கழிவுநீர் எங்கே வெளிவரும் என்பதில் புதிர் ஏதும் இல்லை. இருக்கும் திறப்புகளில் எது தாழ்ந்ததோ அதன் வழியாகவே வரும். தரைத்தளத்தில் நானி டிராப் கழிவறைக் கோப்பையை விடத் தாழ்ந்தது, எனவே முதலில் குளியலறைத் தரைதான் நிறையும். இரண்டு மூன்று மாடி வாடகை வீடுகளில் பல சண்டைகள் இங்கிருந்தே தொடங்குகின்றன. தரைத்தளத்தில் குடியிருப்பவரின் குளியலறையில் சாக்கடை எழுவதால், அவர்தான் எதையோ போட்டு அடைத்துவிட்டார் என்று மாடிக்காரர்களும் வீட்டுக்காரரும் முடிவு செய்துவிடுகிறார்கள். உண்மையில் அவர் வீட்டில் எழும் நீரில் பெரும்பகுதி மேலே இருப்பவர்கள் ஊற்றியதாகவே இருக்கும். அவர் வெளியூர் போயிருந்தாலும் அது எழும். அடைப்பை உண்டாக்கிய பொருள் எந்த வீட்டிலிருந்து வந்தது என்பதை அது எழும் இடத்தை வைத்துச் சொல்ல முடியாது.

நன்றாகத் திட்டமிட்ட வீட்டில் வெளியிலுள்ள கல்லி டிராப்பின் வாய், தரைத்தளக் குளியலறைத் தரையை விடத் தாழ்வாக இருக்கும். அப்படி இருந்தால் அடைப்பு ஏற்படும்போது கழிவுநீர் வீட்டுக்குள் வராமல் முற்றத்தில் வழியும். அருவருப்பானதுதான், ஆனாலும் படுக்கையறை வரை வருவதற்கு இது எவ்வளவோ மேல். அழகுக்காக டைல்ஸ் போட்டு அந்த வாயை மூடிவிடுபவர்கள் இந்தப் பாதுகாப்பையும் மூடிவிடுகிறார்கள்.

அடைப்பில்லாமல் உடைப்பு மட்டும் இருந்தால் அறிகுறிகள் வேறு. குழாய் செல்லும் வழியில் மண் எப்போதும் ஈரமாக இருத்தல், ஓரிடத்தில் மட்டும் புல் செழித்து வளர்தல், தரைக் கல் உள்வாங்குதல், பெருச்சாளி வளை தோண்டுதல், சுவரின் அடியில் ஈரம் ஏறுதல் ஆகியவற்றைக் காணலாம். மிகவும் ஆபத்தான அறிகுறி குடிநீரில் தெரிவதே. சென்னை வீடுகளில் நிலத்தடிச் சம்பு பெரும்பாலும் வாசலோரம் இருக்கிறது, கழிவுநீர்க் குழாயும் அதே வாசலோரமாகத்தான் தெருவுக்குச் செல்கிறது. குழாயில் விரிசல், சம்பின் சுவரிலும் விரிசல் என்றால் இரண்டும் கலக்கும். குழாய்த் தண்ணீரில் நாற்றமோ கலங்கலோ தெரிந்தால், வீட்டில் இருவருக்கு ஒரே நேரத்தில் வயிற்றுப்போக்கு வந்தால், அந்தத் தண்ணீரைச் சமையலுக்கும் குடிக்கவும் பயன்படுத்துவதை உடனே நிறுத்த வேண்டும். காரணத்தைக் கண்டு சரிசெய்த பிறகு சம்பையும் மேல்நிலைத் தொட்டியையும் காலி செய்து தேய்த்துக் கழுவி, குளோரின் இட்டு, அதன் பின்பே நிரப்ப வேண்டும். கலந்திருப்பது கழிவுநீர் என்பது நிறம், மணம் இல்லாமலும் இருக்கலாம். ஐயம் இருக்கும் வரை கொதிக்க வைத்த நீரையே குடிக்க வேண்டும்.

சேம்பரைத் திறந்து பார்த்தல்

அடைப்பின் இடத்தைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி தேவையில்லை. வளாகத்திலுள்ள சேம்பர்களின் மூடிகளைத் திறந்தாலே போதும். அதற்கு முன் வீட்டிலுள்ள அனைவரிடமும், மாடியில் இருப்பவர்களிடமும் தண்ணீர் பயன்படுத்த வேண்டாமென்று சொல்லிவிட வேண்டும். கனமான மூடியைக் கம்பியால் நெம்பி நகர்த்தி, சில நிமிடங்கள் விலகி நிற்க வேண்டும். குனிந்து முகத்தை உள்ளே நீட்டுவதும், தீக்குச்சி, ஊதுபத்தி, மெழுகுவர்த்தி ஏற்றிப் பார்ப்பதும் கூடாது. உள்ளே எரியக்கூடிய மீத்தேன் வாயு இருக்கலாம். வெளிச்சத்துக்கு டார்ச்சு விளக்கு பயன்படுத்தலாம்.

வீட்டை ஒட்டிய முதல் சேம்பர் நிறைந்து, அடுத்தது காலியாக இருந்தால் அடைப்பு அவ்விரண்டுக்கும் இடையில் உள்ளது. முதல் சேம்பரே காலியாக இருந்தால் அடைப்பு கட்டடத்துக்குள்ளோ, அதிலிருந்து முதல் சேம்பருக்கு வரும் துண்டிலோ இருக்கிறது. மதிலோரக் கடைசிச் சேம்பர் வரை எல்லாம் நிறைந்திருந்தால் அடைப்பு அதற்கும் அப்பால். பக்கத்து வீடுகளிலும் இதே நிலை என்றால் தெருக் குழாயில்தான் கோளாறு. அவர்களுக்கு ஒன்றும் இல்லையென்றால் உங்கள் கடைசிச் சேம்பருக்கும் தெருவுக்கும் இடையிலுள்ள இணைப்பில் இருக்கலாம். தெருவிலுள்ள மேன்ஹோல் மூடியை நீங்களாகத் திறக்கக் கூடாது. திறந்து வைத்த மேன்ஹோலில் விழுந்து இறந்தவர்கள் உண்டு.

எந்தக் குழாய் எங்கே சேர்கிறது என்று தெரியாவிட்டால் துணிக்குப் போடும் சொட்டு நீலம் உதவும். ஒரு வாளித் தண்ணீரில் தாராளமாகக் கலந்து ஒரு கழிவறையில் ஊற்றிவிட்டு, ஒருவர் வெளியே சேம்பரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நீல நிறம் எங்கே, எவ்வளவு நேரத்தில் வருகிறது என்பதைக் கொண்டு பாதையும் ஓட்டமும் தெரிந்துவிடும். வரவே இல்லையென்றால் அதுவும் ஒரு செய்திதான். பெரிய கட்டடங்களில் குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்கும் வசதி இப்போது நகரங்களில் கிடைக்கிறது. ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் அடைக்கிறது என்றால், ஒவ்வொரு முறையும் அடைப்பெடுக்கக் கூலி கொடுப்பதை விட ஒரு முறை கேமரா விட்டுப் பார்த்துவிடுவது சிக்கனம்.

அடைப்புக்கான காரணங்கள்

சமையலறைக் கொழுப்பு முதல் காரணம். சூடாக ஊற்றிய எண்ணெய் குழாய்க்குள் ஆறிச் சுவரில் படியும். அதன் மேல் சோற்றுப் பருக்கையும் காப்பித்தூளும் ஒட்டும். மாதக் கணக்கில் இது சேர்ந்து குழாயின் உள்வட்டம் சுருங்கிவிடும். அடுத்து, கரையாத பொருள்கள். சானிட்டரி நாப்கின், குழந்தைகளுக்கான டயப்பர், ஈரத் துடைப்புத் தாள், பான்பராக் உறை, தலைமுடி ஆகியவை. நாப்கினும் டயப்பரும் நீரை உறிஞ்சி உப்புவதற்கென்றே செய்யப்பட்டவை. குழாய்க்குள்ளும் அதையே செய்கின்றன. கழிவறையில் போடலாம் என்று அச்சிட்டு விற்கும் துடைப்புத் தாள்களும் சாதாரணத் தாள்போல் எளிதில் கரைவதில்லை.

கட்டட வேலை நடக்கும்போது கொட்டும் சிமென்ட் கலவை தனி வகை. டைல்ஸ் போட்டவர் தன் சட்டியை நானி டிராப்பில் கழுவி ஊற்றிவிட்டுப் போய்விடுவார். அது உள்ளே கல்லாக இறுகிவிடும். இதை எந்தக் கம்பியாலும் எடுக்க முடியாது, குழாயை வெட்டித்தான் மாற்ற வேண்டும். புதுப்பித்த சில நாட்களில் அடைப்பு வந்தால் முதலில் இதை நினைக்கலாம். வேலை தொடங்கும் முன் நானி டிராப்பின் வாயைத் துணியாலும் பிளாஸ்டிக் தாளாலும் கட்டிவிட்டால் இந்தச் செலவு இல்லை.

மரவேர் மற்றொரு காரணம். சில பத்தாண்டுகளுக்கு முன் கட்டிய வீடுகளில் ஸ்டோன்வேர் எனப்படும் சுட்ட மண் குழாய்கள் இருக்கும். குழாய்த் துண்டுகளைச் சிமென்ட் பூசி இணைத்திருப்பார்கள். அந்த இணைப்பில் மயிரிழை விரிசல் விட்டாலும் ஈரத்தைத் தேடி வரும் வேர் நுழைந்துவிடும். அரசும் ஆலும் மட்டுமல்ல, வாசலில் நிற்கும் தென்னையின் நார் வேரும் நுழையும். உள்ளே போனதும் சத்தும் நீரும் தாராளமாகக் கிடைப்பதால் பந்தாகச் சுருண்டு வளரும். வேரை வெட்டி எடுத்தால் சில மாதம் நிம்மதி. இணைப்பைச் சரிசெய்யாதவரை அது திரும்ப வரும். மயில்துத்தம் கரைத்து ஊற்றும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது செப்டிக் டேங்கில் கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்களைக் கொல்லும், நீர்நிலைக்குப் போனால் மீன்களுக்கு நஞ்சாகும்.

களிமண் நிலத்தில் கோடையில் மண் சுருங்கி மழையில் உப்புவதால் குழாய் இணைப்பு விலகும். கார் நிறுத்துமிடத்தின் கீழே ஆழமில்லாமல் புதைத்த குழாய் நசுங்கும். இவற்றோடு, முதலிலிருந்தே சரிவு தவறாகப் போடப்பட்ட குழாய்கள் எண்ணற்றவை. அதைக் கீழே பார்க்கலாம்.

அடைப்பை எடுத்தல்

சேம்பர்களுக்கு இடையிலுள்ள அடைப்பை எடுக்க நீண்ட காலமாக மூங்கில் பிளாச்சு பயன்பட்டு வந்தது. இப்போது ஒன்றோடொன்று திருகி நீட்டக்கூடிய வளையும் கம்பிகளும், சுருள் ஸ்பிரிங்கும் கிடைக்கின்றன. திருகும் கம்பியை எப்போதும் வலப்பக்கமாகவே சுழற்ற வேண்டும். இடப்பக்கம் சுழற்றினால் மரை கழன்று பாதிக் கம்பி குழாய்க்குள்ளேயே தங்கிவிடும். அடைப்போடு கம்பியும் சேர்ந்து புது அடைப்பாகிவிடும். கூடுமானவரை காலியாக உள்ள கீழ்ச் சேம்பரிலிருந்து மேல்நோக்கிக் குத்துவது வசதி. அடைப்பு விடும்போது கழிவுநீர் ஒரேயடியாகப் பாய்ந்து வருமென்பதால் தரையில் நின்றபடி, விலகியே செய்ய வேண்டும். வெளிவரும் நாப்கின், துணி, வேர் முதலியவற்றை அந்தச் சேம்பரிலேயே நீண்ட கைப்பிடியுள்ள கரண்டியால் அள்ளிவிட வேண்டும். அப்படியே விட்டால் அடுத்த துண்டில் போய் அடைக்கும். ரப்பர் கையுறை, பூட்ஸ், கண்ணாடி அவசியம். கையில் வெட்டுக்காயம் உள்ளவர் தொடக் கூடாது.

உயர் அழுத்த ஜெட்டிங் இயந்திரம் கொழுப்புக்கும் மணலுக்கும் மிக நல்லது. அதன் முனையிலுள்ள துளைகள் நீரைப் பின்னோக்கிப் பீய்ச்சும். அந்த விசையில் குழல் தானாக முன்னே ஊர்ந்து செல்லும், கழுவிய கசடு பின்னால் வந்து சேரும். ஏற்கெனவே விரிசல் விட்ட மண் குழாயில் இதை முழு அழுத்தத்தில் விட்டால் குழாய் மேலும் உடையலாம். ஜெட்டிங்காரரிடம் குழாயின் வயதைச் சொல்லிவிடுவது நல்லது.

கடையில் விற்கும் அடைப்பு நீக்கும் தூளில் பெரும்பாலும் காஸ்டிக் சோடா இருக்கும். சமையலறைத் தொட்டியின் இளம் அடைப்புக்கு அது உதவலாம். நான்கு அங்குலப் பிரதான குழாய் முழுதும் அடைத்துக்கொண்ட நிலையில் அதனால் ஒரு பயனும் இல்லை. அடைப்பு விடாத நிலையில், குழாய் முழுவதும் தோலைப் பொசுக்கும் காரநீர் நிற்கும். அடுத்து வந்து கம்பி விடும் பிளம்பரின் முகத்தில் அதுதான் தெறிக்கும். எதையாவது ஊற்றியிருந்தால் அவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். குளியலறை ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் ஒன்றன்பின் ஒன்றாகக்கூட ஊற்றக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்படும். கதவடைத்த குளியலறையில் அது உயிருக்கு ஆபத்து.

யாரையும் உள்ளே இறக்கக் கூடாது

கம்பியும் ஜெட்டும் பயனளிக்காதபோது, ஆழமான சேம்பருக்குள்ளோ செப்டிக் டேங்குக்குள்ளோ ஒருவரை இறக்கிவிடலாம் என்ற யோசனை வரும். இரண்டு நிமிட வேலைதானே என்று அவரும் சம்மதிப்பார். மரணங்கள் இப்படித்தான் நடக்கின்றன. கழிவுநீர் தேங்கிய இடத்தில் ஹைட்ரஜன் சல்பைடு வாயு உண்டாகிறது. இது காற்றை விடச் சற்றுக் கனமானது, எனவே குழியில் தங்கும். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் தெரியும். காற்றில் பத்து லட்சத்தில் சுமார் 100 பங்கை எட்டும்போது மூக்கு அதை உணரும் திறனையே இழந்துவிடுகிறது. நாற்றம் போய்விட்டது, உள்ளே இறங்கலாம் என்று நினைக்கும் நேரமே மிகக் கொடிய நேரமாக இருக்கக்கூடும். அளவு இன்னும் கூடினால் ஓரிரு மூச்சில் மயக்கம் வரும். கசடைக் கிளறும்போது அதில் அடைபட்டிருந்த வாயு திடீரென வெளிவருவதால், இறங்கும்போது நன்றாக இருந்தவரும் வேலையின் நடுவில் சாய்ந்துவிடுவார். அவரைத் தூக்க இறங்கும் இரண்டாமவரும் மூன்றாமவரும் அதே கதிக்கு ஆளாகிறார்கள். முகத்தில் கட்டும் துணியோ, மருத்துவ முகக்கவசமோ இந்த வாயுவைத் தடுக்காது.

கையால் மலம் அள்ளும் தொழிலாளரைப் பணியமர்த்தத் தடை, மறுவாழ்வுச் சட்டம் 2013-இல் இயற்றப்பட்டது. பாதுகாப்புக் கருவிகள் இன்றிக் கழிவுநீர்க் குழியிலோ செப்டிக் டேங்கிலோ ஒருவரை அபாயகரமான துப்புரவுப் பணியில் ஈடுபடுத்துவதை இது குற்றமாக்குகிறது. முதல் முறைக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இது அரசு அமைப்புகளுக்கு மட்டுமான சட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். தனிநபருக்கும் பொருந்தும். இப்படி இறப்போரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டுமென உச்ச நீதிமன்றம் 2014-இல் கூறியது. 2023 அக்டோபரில் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. தண்டனையும் இழப்பீடும் ஒருபுறம் இருக்கட்டும். இந்த வேலைக்குத் தலைமுறை தலைமுறையாக யாரை அழைத்து வந்தோம் என்பது எல்லோருக்கும் தெரியும். குறைந்த கூலிக்கு ஆள் கிடைக்கிறார் என்பதால் அவரை அழைக்க வீட்டுக்காரருக்கு உரிமை வந்துவிடாது.

செப்டிக் டேங்கையும் ஆழமான சேம்பரையும் உறிஞ்சும் லாரி கொண்டே சுத்தம் செய்ய வேண்டும். கழிவுநீர்த் தொட்டித் துப்புரவுக்கான உதவி எண் 14420. உரிமம் பெற்ற லாரியா என்று கேட்டு அழைப்பது நல்லது. உரிமம் இல்லாதவை இரவில் ஏரியிலும் வாய்க்காலிலும் கொட்டிவிட்டுப் போவதுண்டு. குழிக்குள் யாராவது மயங்கிக் கிடப்பதைக் கண்டால் உள்ளே குதிக்காமல் தீயணைப்புத் துறையை 101 அல்லது 112 எண்ணிலும், ஆம்புலன்சை 108 எண்ணிலும் உடனே அழைக்க வேண்டும்.

தோண்டிச் சீர்செய்தல்

குழாய் உடைந்தோ, விலகியோ, நசுங்கியோ இருந்தால் தோண்டுவது தவிர வழியில்லை. முதலில் குடிநீர்க் குழாய், மின்கம்பி செல்லும் இடங்களைக் கேட்டறிந்துகொள்ள வேண்டும். பள்ளம் 1.5 மீட்டரை நெருங்கினால் பக்கங்களுக்குப் பலகை முட்டுக் கொடுக்க வேண்டும், தோண்டிய மண்ணை விளிம்பிலேயே குவிக்கக் கூடாது. ஈர மண் சரிந்து ஆளை மூடுவதற்கு ஆழமான பள்ளம் தேவையில்லை.

பழைய மண் குழாயில் ஒரு துண்டு மட்டும் உடைந்திருந்தால் அதை மட்டும் மாற்றலாம். இணைப்புகள் பலவற்றில் வேர் ஏறியிருந்தால் இரண்டு சேம்பர்களுக்கு இடையிலுள்ள முழு நீளத்தையும் பிவிசி குழாயாக மாற்றிவிடுவதே நல்லது. இணைப்புகள் குறையும், வேருக்கு வழி குறையும். வீடுகளில் பொதுவாக 110 மில்லிமீட்டர் குழாய் போதும். பல குடும்பங்கள் உள்ள கட்டடத்தில் 160 மில்லிமீட்டர் தேவைப்படும். மண்ணில் புதைக்கவென்றே தடித்த சுவருள்ள குழாய் விற்கிறது. மழைநீருக்கான மெல்லிய குழாயை விலை மலிவென்று வாங்கிப் புதைப்பது ஏமாற்றத்தில் முடியும்.

சரிவுதான் வேலையின் உயிர். 110 மில்லிமீட்டர் குழாய்க்கு 40-க்கு 1 முதல் 60-க்கு 1 வரை சரிவு தேவை. 10 மீட்டர் நீளத்துக்கு 17 முதல் 25 சென்டிமீட்டர் இறக்கம் என்று இதைச் சொல்லலாம். இதை விடக் குறைந்தால் நீரோட்டத்தின் வேகம் போதாமல் கசடு அடியில் தங்கும். மேஸ்திரிகள் தண்ணீர் நிரப்பிய டியூப்பை வைத்து மட்டம் பார்ப்பார்கள். அதைக் குழாய் வைக்கும் முன்பும், வைத்த பிறகும், மண் மூடும் முன்பும் கூட நின்று பார்த்துக்கொள்ளலாம். நடுவில் தொய்வு ஏற்பட்டால் அங்கே எப்போதும் தண்ணீர் தேங்கும். கண்ணால் பார்த்துச் சரிவு சரியாக இருக்கிறதென்று சொல்பவரை நம்ப வேண்டாம், அவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் சரி.

குழாயைக் கல் மேல் வைக்காமல் மணல் படுகை போட்டு அதன் மேல் சீராகப் படியும்படி வைக்க வேண்டும். திருப்பத்தில் 90 டிகிரி முழங்கை ஒன்றுக்குப் பதில் 45 டிகிரி வளைவுகள் இரண்டு போட்டால் கம்பி விடவும் எளிது, கசடும் தங்காது. சேம்பரின் அடித்தளம் தட்டையாக இருக்கக் கூடாது. நடுவில் அரைவட்டக் கால்வாய் அமைத்து, இருபுறமும் அதை நோக்கிச் சரிவாகச் சிமென்ட் பூச வேண்டும். இதைப் பெஞ்சிங் என்பார்கள். பல வீடுகளில் சேம்பரைத் தண்ணீர்த் தொட்டி போலத் தட்டையாகக் கட்டிவிடுவதால் அங்கேயே மலம் தேங்குகிறது, பிறகு குழாய்மேல் குற்றம் சாட்டுகிறார்கள்.

மூடுவதற்கு முன் நீர்ச் சோதனை அவசியம். கீழ்ச் சேம்பரில் குழாயின் வாயை அடைத்துவிட்டு, மேலிருந்து தண்ணீர் நிரப்பி, மட்டத்தைக் குறித்து, அரை மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும். புதிய செங்கல் சேம்பர் முதலில் கொஞ்சம் நீரை உறிஞ்சும் என்பதால் ஒருமுறை நனைய விட்டுப் பிறகு அளப்பது சரியாக இருக்கும். மட்டம் தெளிவாக இறங்கினால் கசிவு இருக்கிறது. பிறகு குழாயைச் சுற்றி மணலும் கல்லில்லாத மண்ணும் இட்டு, கையால் மெல்லத் தட்டி மூட வேண்டும். வண்டி ஏறும் இடமென்றால் மேலே காங்கிரீட் பலகை போடலாம்.

தெருக் குழாயும் மழைக்காலமும்

மதிலுக்கு உள்ளே இருப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. தெருவில் நீங்களாகத் தோண்டக் கூடாது. சென்னையில் பாதாளச் சாக்கடையை 1978-இல் உருவான சென்னைக் குடிநீர் வாரியம் கவனிக்கிறது. புகார் எண் 1916. சாலையோர மழைநீர் வடிகாலைக் கவனிப்பது மாநகராட்சி, அதற்கு எண் 1913. இரண்டும் வேறு என்பது தெரியாமல் ஓரிடத்தில் சொல்லவேண்டிய புகாரை மற்றோரிடத்தில் சொல்லிவிட்டு நாள்கணக்கில் காத்திருப்பவர்கள் பலர். பிற ஊர்களில் நகராட்சி, மாநகராட்சி அலுவலகத்தில் புகார் செய்யலாம். புகார் எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

மழை பெய்யும்போது மட்டும் கழிவுநீர் எழுகிறது என்றால் காரணம் பெரும்பாலும் தெரு முழுவதற்கும் பொதுவானது. மொட்டை மாடி மழைநீரையும் முற்றத்து நீரையும் கழிவுநீர்ச் சேம்பரில் விடும் வீடுகள் ஏராளம். சாலையில் தேங்கிய நீர் வடியட்டும் என்று மேன்ஹோல் மூடியைத் தூக்கிவிடுபவர்களும் உண்டு. கழிவுநீருக்காக மட்டும் அளந்து போட்ட குழாய் இதைத் தாங்காது. தெருக் குழாய் நிரம்பியதும் மேலே சொன்ன அதே விதிப்படி நீர் தாழ்ந்த திறப்பைத் தேடும். சாலை மேல் சாலையாகப் போட்டு உயர்ந்துவிட்ட தெருவில் பழைய வீடுகள் பள்ளத்தில் கிடக்கின்றன. மேன்ஹோல் மூடி வீட்டுத் தரையை விட உயரத்தில் இருக்கும். அத்தெருவில் மேன்ஹோல் வழிவதற்கு முன்பே அந்த வீட்டின் குளியலறை வழிந்துவிடும்.

இத்தகைய வீட்டில் கடைசிச் சேம்பருக்குப் பக்கத்தில் ஒருவழி வால்வு பொருத்தலாம். நீர் வெளியே போகும், திரும்பி வரும்போது அதன் கதவு மூடிக்கொள்ளும். மூடியிருக்கும் நேரத்தில் வீட்டிலிருந்து வெளியேறும் நீருக்கும் வழி இருக்காது என்பதை நினைவில் வைத்து, மழை விடும் வரை குளிப்பதையும் துவைப்பதையும் தள்ளிப்போட வேண்டும். கதவில் முடியோ துணியோ சிக்கினால் வால்வு முழுதும் மூடாது. எனவே எளிதில் திறந்து பார்க்கும்படி தனிச் சேம்பரில் வைத்து, ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை திறந்து கழுவ வேண்டும்.

மொட்டை மாடி நீரைச் சேம்பரிலிருந்து பிரித்து மழைநீர்ச் சேகரிப்புக் குழியில் விடுவது இதோடு சேர்த்துச் செய்ய வேண்டிய வேலை. குழாயைத் தோண்டியிருக்கும்போதே செய்தால் தனிச் செலவு அதிகம் ஆகாது. மண்ணை மூடும் முன் பள்ளத்தைக் கைப்பேசியில் படமெடுத்து, மதிலிலிருந்து குழாய் எத்தனை அடி தள்ளி, எவ்வளவு ஆழத்தில் செல்கிறது என்று குறித்து, அந்தத் தாளை வீட்டுப் பத்திரத்தோடு வைத்துவிடலாம்.